எந்த மின்தடை?

‘துணைமின்நிலைய மின்தடைகளை உருவகப்படுத்துதல்.’ மின்வலையில் எந்தத் தடத்தில் எவ்வளவு மின்சாரம் போகும் என்று கணக்கிடும் மின்பாய்வு மென்பொருள் ஒன்றின் கையேட்டை மெய்ப்புப் பார்க்கையில் இந்தத் தலைப்பு வந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. ஆங்கில மூலத்தில் மின்தடைக்கு இருக்கும் சொல் அவுட்டேஜ்.

‘அவுட்’டோடு ‘ஏஜ்’ விகுதி சேர்ந்தது, லீக்கேஜ் மாதிரி, அவ்வளவுதான். செய்தித்தாளில் அது கரண்ட் கட் என்ற பொருளிலும் வரும். ஆனால் இந்த மென்பொருளில், ஒரு தடமோ (மின்சாரம் கொண்டுபோகும் லைன்) கருவியோ வலையமைப்பிலிருந்து விலகி நிற்பதைத்தான் குறிக்கிறது. யார் வீட்டிலாவது விளக்கு அணைந்ததா என்பது வேறு கேள்வி.

பொறியாளர்கள் பழகிப் பார்க்கும் ஐ.இ.இ.இ. 14 பஸ் மாதிரியை எடுத்துக்கொள்வோம். பஸ் என்றால் தடங்கள் வந்து கூடும் சந்திப்பு; 1-2 என்றால் அந்த எண்ணுள்ள இரண்டு பஸ்களுக்கு நடுவிலுள்ள தடம். 1-2 தடத்தின் நிலையை 0 ஆக்கினால் அது அவுட்டேஜ். அதுவரை அதில் போன சுமார் 157 மெகாவாட்டும் 1-5 தடத்தின் தலையில் விழும். ஆனாலும் 14 பஸ்களும் வலையில்தான் இருக்கும். சரி, தடங்களின் விவரம் தரும் அட்டவணையில் அதே வரியில் தடத்தின் ரெசிஸ்டன்ஸும் இருக்கிறதே! பள்ளிக்கூடத்திலிருந்தே அதற்கு மின்தடை என்றுதானே பெயர்? ‘1-2 தடத்தின் மின்தடை’ என்றால் 0.01938 என்று படிப்பதா, தடம் போச்சு என்று படிப்பதா?

முழுத் துணைமின்நிலையமே போனால் இன்னும் சிக்கல். 230, 110 கிலோவோல்ட் பஸ்கள், நடுவிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர், வந்து சேரும் தடங்கள் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். அந்த நிலையத்தை மட்டுமே நம்பியிருந்த ஊர்கள் தனித்தீவாகிவிடும். செய்தித்தாள் சொல்லும் மின்தடை அங்கேதான். காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையேடு எதற்கு?

2012 ஜூலை 30 அதிகாலையில் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் விலகியதும் வட மாநிலங்கள் இருண்டன. அதற்கு முன்பே பல தடங்கள் அவுட்டேஜில் இருந்தன. அவற்றால் மட்டும் வலை சரிந்துவிடவில்லை. நம் மொழிபெயர்ப்பாளர் கையில் இது ‘மின்தடைகளால் மின்தடை’ ஆகிவிடும்.

‘செயலிழப்பு’ என்பாரும் உண்டு. எண்ணெய் வடிகட்ட நிறுத்திவைத்த டிரான்ஸ்ஃபார்மர் எந்தச் செயலை இழந்தது?

நிலையத்தில் வேலை செய்பவர்கள் குழம்புவதே இல்லை. ‘ட்ரிப் ஆயிடுச்சு’ என்பார்கள், அல்லது ‘எல்.சி. எடுத்திருக்கு’ என்பார்கள் (எல்.சி. என்றால் லைன் கிளியர், மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி). தானாகப் போனது ஒன்று, நாமாக எடுத்தது ஒன்று. தமிழில் இதற்கு விலகு, விலக்கு என்று தயாராகவே ஒரு ஜோடி இருக்கிறது. தானாக நடந்தால் விலகல், திட்டமிட்டால் விலக்கல், பொதுவாக விலக்கம்.

அப்புறம் அந்த ‘உருவகப்படுத்துதல்’, அதாவது சிமுலேஷன். உருவகம் என்றால் முகத்தாமரை. கணினியில் தடத்தைக் கழற்றிப் பார்ப்பது அணி இலக்கணமா? பாவனை எனலாம், ஆனால் இலங்கையில் அது பயன்பாடு. ஒத்திகை என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறது. ‘துணைமின்நிலைய விலக்க ஒத்திகை’ என்று திருத்தி அனுப்பினேன். விலக்கம் என்றதும் மதுவிலக்கு ஞாபகம் வருகிறதாம், திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.