கடலில் எழும் நிலவு ஏன் பெரிதாகத் தெரிகிறது?

சித்திரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரிக் கரையில் நிற்பவர்கள், மேற்கே கதிரவன் கடலில் இறங்கும் வேளையிலேயே கிழக்கே முழுநிலவு கடலிலிருந்து எழுவதைக் காண்கிறார்கள். நள்ளிரவில் தலைக்கு மேல் நிற்கும் நிலவைவிட அந்த நிலவு ஒன்றரை மடங்கு வரை பெரிதாகத் தோன்றக்கூடும். ஆனால் இரு வேளைகளிலும் அது கண்ணில் அடைக்கும் கோணம் ஏறத்தாழ அரைப் பாகைதான். கையை நீட்டி ஒரு பருத்த மிளகைப் பிடித்தால் இரண்டையுமே ஏறக்குறைய மறைத்துவிடலாம். பார்க்கப்போனால், எழும் நிலவு பூமியின் ஆரத்தளவு, அதாவது சுமார் 6,400 கி.மீ., கூடுதல் தொலைவில் இருப்பதால் சற்றுச் சிறிதாகவே தெரிய வேண்டும். காற்றுமண்டலம் உருப்பெருக்கியாகச் செயல்படுகிறது என்று இன்றும் பலர் சொல்வது தவறு. ஒளிவிலகல் நிலவை மேல்கீழாகச் சிறிது நசுக்குகிறதே தவிரப் பெரிதாக்குவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் லாயிட் காஃப்மன் இந்தப் புதிரைச் சுமார் நாற்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார். கண்களை மேல்நோக்கி உயர்த்துவதால்தான் உச்சி நிலவு சிறுக்கிறது என்று 1940-களில் ஒரு கருத்து செல்வாக்குப் பெற்றிருந்தது. காஃப்மனும் மற்றோர் உளவியலாளரான இர்வின் ராக்கும் பாதி ஒளியை மட்டும் எதிரொளிக்கும் கண்ணாடியின் உதவியால் செயற்கை நிலவுகளை வானில் தோன்றச் செய்து, பார்ப்பவர்களை அளவு ஒப்பிடச் சொன்னார்கள். 1962-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, கண்ணின் உயர்வுக்கு இதில் பெரும்பங்கு இல்லை. தொடுவானம் வரை விரியும் நிலப்பரப்பே காரணம், அதை மறைத்தால் நிலவு பெரிதாகத் தோன்றும் மயக்கமும் மறைகிறது. கன்னியாகுமரியில், அருகிலுள்ள சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளும் போகப்போக நெருங்கித் தோன்றும் அலைவரிகளும் கடலின் நீளத்தை மூளைக்கு உணர்த்துகின்றன. ஒரே கோணத்தை அடைக்கும் பொருள் தொலைவில் இருப்பதாக மூளை கொண்டால், அதைப் பெரிதாகவே காட்டும்.

இதற்கு வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. எழும் நிலவு அருகிலா, தொலைவிலா என்று கேட்டால், பெரும்பாலோர் அருகில் என்றே சொல்கிறார்கள். அளவைப் பெரிதாக உணர்ந்த பிறகு, 'பெரிது, எனவே அருகில்' என்று மனம் தனியே முடிவு செய்கிறது என்பது காஃப்மன், ராக் இருவரின் விடை. என் கணிப்பில், அது அன்றைக்குச் சோதித்தறிய முடியாத விடை.

இடையே நியூயார்க் பல்கலைக்கழகத்தில், பார்வையின்போது மூளையில் எழும் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் பணியில் ஈடுபட்ட காஃப்மன், 2000-இல் இயற்பியலாளரான தம் மகன் ஜேம்சுடன் பழைய வினாவுக்கே திரும்பினார். இம்முறை, இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டி, ஆழம் தோன்றும் செயற்கை நிலவு ஒன்றை உருவாக்கி, தமக்கும் நிலவுக்கும் நடுவழியில் அதை நிறுத்தும்படி பார்வையாளர்களிடம் கேட்டார்கள். தொடுவான நிலவுக்கான நடுப்புள்ளி, உயர்ந்த நிலவுக்கானதைவிடச் சுமார் 4 மடங்கு தள்ளி அமைந்தது. வாயால் 'அருகில்' என்றாலும் கண் அதைத் தொலைவில்தான் வைக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. எனினும் தொலைவுணர்வுதான் அளவுணர்வை உண்டாக்குகிறது என்பதை இது மெய்ப்பிக்கவில்லை, இரண்டுமே வேறொரு காரணத்தின் விளைவுகளாக இருக்கலாம் என்று வாதிடுவோர் இன்றும் உள்ளனர்.