சாதாரண முகம் ஏன் மிரட்டலாகத் தெரிகிறது?

மனச்சிதைவு நோய் என்றதும் காதில் ஒலிக்கும் குரல்களும் ஆதாரமில்லாத சந்தேகங்களும்தான் நம் நினைவுக்கு வரும். பலருக்கு மருந்து இவற்றைப் பெருமளவு அடக்கிவிடுகிறது. ஆனால் குரல்கள் ஓய்ந்த பிறகும் நோயாளி நாலு பேரோடு பழகத் தயங்குகிறார், கிடைத்த வேலையில் நிலைப்பதில்லை, கூப்பிட்டாலும் அறையை விட்டு வருவதில்லை. 'யார் மேலும் பாசமில்லை, கல்மனசு' என்று சுற்றியிருப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு எவ்வளவு தவறு என்பதை மூளைப் படங்கள் கால் நூற்றாண்டாகக் காட்டி வருகின்றன.

இது ஏதோ ஓரத்துப் பிரச்சினை அல்ல. 2011இல் பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். நோயாளிகளில் சிலர் வெளியுலகில் ஓரளவு நன்றாக வாழ்கிறார்கள், சிலர் தடுமாறுகிறார்கள். இந்த வேறுபாட்டில் நினைவாற்றல், கவனம் போன்ற திறன்களால் விளக்க முடிந்தது சுமார் 6 சதவீதம்தான். பிறருடைய மனதையும் முகத்தையும் புரிந்துகொள்ளும் திறனோ சுமார் 16 சதவீதத்தை விளக்கியது.

சரி, இதை மூளைக்குள் எப்படிப் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் எஃப்எம்ஆர்ஐ என்ற முறையில். மூளையின் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் தேவைக்கு மேலேயே பாய்கிறது. ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினுக்கும் அதை இழந்த ஹீமோகுளோபினுக்கும் காந்தப் பண்பு வேறு. இந்த வித்தியாசத்தை வைத்தே மூளையைப் படம் பிடிக்கலாம் என்று 1990இல் காட்டியவர் செய்ஜி ஒகாவா. மாற்றம் மிகச் சிறியது. அதுவும் உடனே வருவதில்லை, உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடிகள் ஆகும். அதனால் ஒரே மாதிரிப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி, ஒரு நிலையில் கிடைத்த அளவிலிருந்து இன்னொரு நிலையில் கிடைத்ததைக் கழிக்கிறார்கள். நாம் பத்திரிகைகளில் பார்க்கும் ஆரஞ்சு நிறத் திட்டு பெரும்பாலும் அந்தக் கழித்தலின் விடைதான்.

இந்தக் கழித்தல் ஒரு பெரிய பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. ஒருவர் ஸ்கேனரின் இரைச்சலிடும் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்கிறார். தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் முகங்கள் வந்து போகின்றன: ஒன்று பயந்த முகம், அடுத்தது எந்த உணர்ச்சியும் இல்லாத முகம். அவர் கையிலுள்ள பொத்தானை அழுத்திப் பதில் சொல்கிறார். பயந்த முகத்தின்போது கிடைத்த அளவிலிருந்து சாதாரண முகத்துக்கு உரியதைக் கழித்தால், ஆபத்தையும் முக்கியமானதையும் சட்டென்று கவனிக்கும் அமிக்டலா பகுதியில் நோயாளிகளுக்குக் குறைவான செயல்பாடே தெரிந்தது. அப்படியானால் உணர்ச்சி இவர்களை எட்டவே இல்லை என்றுதானே தோன்றும்?

2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதைத் தோண்டிப் பார்த்தது. சாதாரண முகம் போன்ற நடுநிலைப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில்தான் அந்தக் குறைவு வந்தது. பயமூட்டும் படங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அமிக்டலா ஏறத்தாழ எல்லோரையும் போலவே வேலை செய்தது. சாதாரண முகத்தைப் பார்க்கும்போதே நோயாளிகளின் அமிக்டலா கூடுதலாக விழித்துக்கொள்வதை வேறு ஆய்வுகள் கண்டிருந்தன. கழிக்கப்படும் எண் பெரிதாக இருந்தால் மீதி சிறிதாகத்தானே வரும்! உணர்ச்சி இல்லை என்று தோன்றிய இடத்தில் இருந்தது, அளவுக்கு மீறிய எச்சரிக்கை.

மூளைச் செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் பற்றி நமக்குத் தெரிந்ததோடு இது பொருந்துகிறது. எது கவனிக்க வேண்டியது என்று மூளைக்குக் குறித்துக் காட்டும் வேலையில் டோபமைனுக்குப் பெரிய பங்கு உண்டு. மனச்சிதைவில் அந்தக் குறி தேவையில்லாதவற்றின் மேலும் விழுகிறது என்று 2003இல் விளக்கினார் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர். எதிரே வருபவர் ஏதோ யோசனையில் வெறுமனே பார்த்துவிட்டுப் போகிறார். அந்தப் பார்வையிலேயே ஏதோ இருக்கிறது என்று உள்ளே மணி அடித்தால், கூட்டத்துக்குள் போவது எப்படி இருக்கும்? ஒதுங்கிக்கொள்வது பாசமின்மை அல்ல. பல நேரம் அது தற்காப்பு.

முகத்தைத் தாண்டி மனதைப் படிக்கும் வேலையும் இருக்கிறது. "இந்த அறை ரொம்பப் புழுக்கமா இருக்கே" என்று ஒருவர் சொன்னால், ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார் என்று நாம் புரிந்துகொள்கிறோம். முன்மூளையின் நடுப்பகுதியும் காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக உள்ள ஒரு சந்திப்புப் பகுதியும் இதில் முக்கியமானவை. மனச்சிதைவில் பல ஆய்வுகள் இங்கே செயல்பாடு குறைந்திருப்பதைப் பார்த்தன. ஆனால் யாரோ தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று நம்பும் நோயாளிகளிடம், யாருடைய எண்ணத்துக்கும் இடமில்லாத வெறும் நிகழ்ச்சிகளின்போதும் இந்தப் பகுதிகள் மும்முரமாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. தேவைப்படும்போது ஓய்வு, தேவையில்லாதபோது ஓட்டம்.

கெடாமல் இருப்பவையும் உண்டு, எனக்கு அதுதான் இன்னும் முக்கியமாகப் படுகிறது. பிறர் ஒரு செயலைச் செய்வதையோ வலியில் துடிப்பதையோ பார்க்கும்போது நமக்குள் எழும் எதிரொலி, இந்த நோயில் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இன்பமான ஒன்று நடக்கும் கணத்தில் அதை ரசிப்பதிலும் பெரிய குறையில்லை. அது நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே ஆசைப்பட்டு எழுந்து போவதில்தான் தடை.

இதுவரை சொன்னதெல்லாம் குழுக்களின் சராசரி. டொரன்டோ ஆய்வாளர்கள் தலைமையில் 2019இல் வெளியான ஆய்வு அந்தச் சராசரியையே கேள்வி கேட்டது. பங்கேற்றவர்கள் ஸ்கேனருக்குள் முகபாவங்களைப் பார்த்தார்கள், அவற்றைத் தாங்களே செய்தும் காட்டினார்கள். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று பார்க்காமல், மூளை வேலை செய்த விதத்தை மட்டும் வைத்துக் கணினி அவர்களைப் பிரித்தது. கிடைத்த பிரிவுகள் ஒவ்வொன்றிலும் நோயாளிகளும் இருந்தார்கள், நோயில்லாதவர்களும் இருந்தார்கள். ஸ்கேன் எடுத்து ஒருவருக்கு மனச்சிதைவு இருக்கிறது என்று இன்று யாராலும் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். உட்கொள்ளும் மருந்து, படுத்திருக்கும்போது தலை லேசாக அசைவது எல்லாம்கூட அளவைக் குழப்பக்கூடியவை.

சிகிச்சைக்கும் இதில் ஒரு சேதி உண்டு. நோயாளிகள் பலர் ஒரு முகத்தின் கண்களையும் வாயையும் குறைவாகவே பார்க்கிறார்கள். நுணுக்கமான முகபாவங்களைக் கவனிக்கக் குறுகிய பயிற்சி கொடுத்தபோது, பார்வை அந்த இடங்களுக்குத் திரும்பியது, உணர்ச்சிகளை அடையாளம் காண்பதும் மேம்பட்டது. அப்புறம், எல்லாவற்றிலும் ஒரு நோக்கத்தைத் தேடுபவருக்கு இது மட்டும் போதாது. சட்டென்று முடிவுக்குத் தாவாமல் நின்று வேறு காரணம் இருக்குமா என்று யோசிக்கும் பயிற்சி அவருக்கு வேண்டும். எல்லோரையும் ஒரே பயிற்சியில் உட்கார வைத்துவிட்டு, சராசரியில் பலனில்லை என்று கைவிடுவது நியாயமல்ல.