ஏழு நாள் முடிந்தால் உரிமை முடிந்துவிடாது

போன வாரம் ஒரு அம்மா ஃபைலோடு என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். ஆன்லைனில் வாங்கிய சலவை இயந்திரம், வந்த இரண்டாவது வாரத்திலேயே டிரம் சுற்றாமல் நின்றுவிட்டது. கஸ்டமர் கேரோடு நடந்த சாட் முழுவதையும் மகன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தான், நாற்பது பக்கத்துக்கு மேல். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பதில்: ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, இருந்தாலும் உங்கள் புகாரை மேலே அனுப்பியிருக்கிறோம், பொறுத்திருங்கள். தேதியைப் பார்த்தேன். இயந்திரம் நின்று இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது.

“பதில் போட்டுக்கிட்டேதான் சார் இருந்தாங்க, அதான் காத்திருந்தேன்” என்றார்.

இதே வார்த்தைகளை இந்த வருடம் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கச் சட்டம் தருவது இரண்டு வருடம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் அனுப்பும் ஈமெயிலோ, அவர்கள் போடும் பதிலோ அதை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்காது. இரண்டு வருடம் தாண்டினால், தாமதத்துக்குப் போதுமான காரணம் காட்டித் தனியாக ஒரு மனு போட வேண்டும். ஆணையம் அதை ஏற்றால்தான் வழக்கே தொடங்கும்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. ‘ஏழு நாள் ரிட்டர்ன்’ என்று செயலியில் போட்டிருப்பதைப் படித்தவர்கள்கூடச் சட்டம் என்று நம்புகிறார்கள். அது சட்டம் இல்லை. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று விற்பவர் தானாகத் தரும் சலுகை அது. அதை ஏழு நாள் என்று வைப்பதும் பத்து நாள் என்று வைப்பதும் அவர் இஷ்டம். பழுதான பொருள் வேறு விஷயம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளை எடுத்துப் பாருங்கள். பொருள் குறைபாடுள்ளதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, சொன்ன தேதியைத் தாண்டித் தாமதமாக வந்தாலோ, விற்பவர் அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, பணத்தைத் தர மறுக்கவும் கூடாது. எட்டாவது நாள் பழுதானால் அந்தக் கடமை போய்விடுமா? போகாது. கஸ்டமர் கேரில் பேசும் பிள்ளை திரையில் தெரியும் பதிலை வாசிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் உரிமை முடிந்ததா இல்லையா என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு அதிகாரம் இல்லை. தயவுசெய்து அந்தப் பதிலைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

பார்சல் பிரித்த வீடியோ இல்லையென்றால் வழக்கே போட முடியாது என்பதும் இப்படித்தான். வீடியோ இருந்தால் வழக்குக்குப் பலம், அதனால் விலை உயர்ந்த பொருளைப் பிரிக்கும்போது எடுத்துவையுங்கள். ஆனால் அது கட்டாயம் என்று எந்த விதியும் இல்லை.

சரி, எங்கே வழக்குப் போடுவது? கம்பெனி பெங்களூரில் இருக்கிறதே, குருகிராமில் இருக்கிறதே என்று தயங்குகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ‘எல்லா வழக்கும் எங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான், அல்லது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவரிடம்தான்’ என்று நிபந்தனைகளில் எழுதியிருந்தாலும் கவலைப்படாதீர்கள். நடுவர் ஒப்பந்தம் இருப்பது நுகர்வோர் புகாரைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது. பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. ஆணையத்தின் இணையதளம் வழியாகவும் மனு போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. வக்கீலாகிய நானே சொல்கிறேன், பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஆவணங்களை ஒழுங்காக வைத்திருப்பவர் தானே வாதாடலாம். வாதாடி ஜெயித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யார் மேல் போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். செயலியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. இன்வாய்ஸை எடுங்கள். ‘விற்பவர்’ என்று ஒரு பெயர் இருக்கும், அவருடைய ஜிஎஸ்டி எண் இருக்கும். அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் சட்டப்படியான பெயர் கிடைக்கும். முகவரி தெரியாவிட்டால், நீங்கள் பொருள் வாங்கிய ஆன்லைன் தளத்துக்கு எழுத்தில் கேளுங்கள். வாங்கியவர் கேட்டால் விற்பவரின் முகவரி, ஈமெயில் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. தளம், விற்பவர், உற்பத்திக் குறை என்றால் தயாரிப்பாளர், மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று தளம் சொல்லும். அதை ஆணையத்தில் வந்து சொல்லட்டும்.

கடையே போலி, பணம் வாங்கியவுடன் ஆளைக் காணோம் என்றால் அது மோசடி. அப்போது என்னைத் தேடி வராதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

மற்ற வழக்குகளில் முதல் வேலை, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு ஈமெயிலில் புகார். சாட் வேண்டாம், ஈமெயில். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. கூடவே 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பல பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஒரு மாதத்தில் முடியவில்லையா, ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு மனுவைப் போடுங்கள். நோட்டீஸ் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

பழுதான பொருளைப் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும், அதுவரை அப்படியே இருக்கட்டும். திரும்ப எடுக்க ஆள் வந்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் தேதி தெரிய வேண்டும். அச்செடுத்த மின்னணு ஆவணங்களோடு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, இவை உண்மையான நகல்கள் என்று உறுதி சொல்லும் சான்றையும் வைத்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். இழப்பீடு கேட்கும்போது நிதானம் வேண்டும். பன்னிரண்டாயிரம் ரூபாய் போனுக்கு மன உளைச்சல் பத்து லட்சம் என்று எழுதினால் மற்ற உண்மைகளின் மதிப்பும் குறைகிறது.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த எதிர்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாக ஆகும், அதற்குத் தயாராக வாருங்கள். அப்புறம், உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்றால் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. உத்தரவோடு நின்றுவிட்ட கட்சிக்காரர்களை நானே போன் செய்து கூப்பிட்டிருக்கிறேன்.

அந்த அம்மாவின் கணவர் நடுவில் நான்கு மாதம் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். தாமத மனுவில் காட்ட இப்போது எங்களிடம் இருக்கும் ஒரே காரணம் அதுதான்.