மழை வந்த பிறகும் மரம் ஏன் பட்டுப்போகிறது?

"வறட்சி முடிந்து நல்ல மழை பெய்த பிறகும் சில பெரிய மரங்கள் பட்டுப்போகின்றனவே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வறட்சி எப்போது முடிகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

மழை வழக்கத்தைவிடக் குறைந்தால் வானிலை வறட்சி. மண்ணின் ஈரம் வற்றிப் பயிர் வாடினால் வேளாண் வறட்சி. ஆறும் ஏரியும் நிலத்தடி நீரும் இறங்கினால் நீரியல் வறட்சி. நிலத்தடி நீர்தான் கடைசியாகத் தேறும். வயல் பச்சையான பிறகும் கிணற்றில் நீர் ஊறாமல் குடிநீருக்கு அலைவது அதனால்தான்.

சரி, மரத்துக்கு வருவோம். வேர் எடுக்கும் நீரில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகிவிடுகிறது. அப்படி ஆவியாவதுதான் கீழே உள்ள நீரை மேலே இழுக்கிறது. உறிஞ்சு பம்பு ஒன்று நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் தூக்காது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களில் சில 100 மீட்டரைத் தாண்டி நிற்கின்றன! நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், சைலம் என்னும் நீர் கடத்தும் குழாய்க்குள் நீர் அறுபடாத கயிறுபோல மேலேறுகிறது. 1894இல் டிக்சனும் ஜோலியும் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள்.

மண் காயக் காய, மிஞ்சிய நீர் நுண்ணிய இடுக்குகளில் இறுகப் பற்றிக்கொள்ளும். மரம் இன்னும் பலமாக இழுக்க வேண்டும். அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சுரந்து இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். நீர் மிச்சமாகும், ஆனால் நீரை ஆவியாக்கச் செலவான வெயிலின் வெப்பம் இனி காற்றையே சூடாக்கும். வறட்சியும் வெப்ப அலையும் சேர்ந்து வந்து மனிதரை வதைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூடிய இலையிலிருந்தும் கொஞ்சம் ஈரம் கசியத்தான் செய்யும். இழுவிசை ஏறிக்கொண்டே போகும். அப்புறம் ஒரு கணத்தில், பக்கத்துக் குழாயிலிருந்து சுவரின் நுண்துளை வழியாக ஒரு துளிக் காற்று உள்ளே இழுபடும். குமிழி நொடியில் விரியும், நீரிழை அறுந்துபோகும், அந்தக் குழாய் செயலிழக்கும். அறுபடும்போது சத்தமும் வரும்! 1966இல் மில்பர்னும் ஜான்சனும் வாடும் ஆமணக்கு இலையில் உணர்கருவி பொருத்தி அந்தச் சொடுக்குகளைப் பதிவு செய்தார்கள். தாவரவியலில் எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை இல்லை.

இப்போது மழை வருகிறது. காற்று அடைத்த குழாய் நீரை இழுக்காது. பெரும்பாலும் புதுக் கட்டைதான் வளர வேண்டும். அதற்குச் சர்க்கரை வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் இலைத்துளை மூடிக் கிடந்ததால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகவில்லை, சேமிப்பும் கரைந்திருக்கும். அந்த நேரம் பார்த்துப் பட்டை வண்டுகள் துளைத்தால் தடுக்கவும் வலுவிருக்காது. குழாய்களில் பெரும்பாலானவற்றை இழந்த மரம், காலடியில் ஈரம் இருந்தும் காய்கிறது.

உலகெங்கும் 226 மர இனங்களை ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில், சுமார் 70 சதவீதம் குழாய்கள் செயலிழக்கும் ஆபத்து எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்வது தெரிந்தது. மழைக்காட்டு மரங்களும் இதில் அடக்கம். எந்த இனத்தின் குழாய்கள் எவ்வளவு இழுவிசையில் அறுபடும் என்று தெரிந்தால்தான், எங்கே எதை நடலாம் என்று சொல்ல முடியும். வறட்சிக்குப் பிறகு மரம் தேறுமா என்று அறிய, ஒரே மரத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் முடியும் ஆய்வு நிதி இதற்குப் போதவே போதாது.