ஆக்சஸ் கன்ட்ரோல் லாக் (யார் எப்போது கதவைத் திறந்தார் என்ற பதிவு): தேவைப்படும் நாளில் கையில் கிடைக்குமா?

கதவுக்குக் கார்டு ரீடர் போட்டிருக்கும் எந்த அலுவலகத்தில் கேட்டாலும் "எல்லாம் சாஃப்ட்வேர்ல பதிவாகுது சார்" என்றுதான் சொல்கிறார்கள். பதிவாகிறது, சரி. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு வாரம் ஸ்டோர் ரூம் கதவை யார் யார் திறந்தார்கள் என்று எடுத்துக் காட்டச் சொன்னால் பல இடங்களில் அது வருவதில்லை. வந்தாலும் அதில் இருக்கும் நேரத்தையும் பெயரையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அடுத்த பிரச்சினை. ஒரு பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் ஹவுஸ்கீப்பிங் அம்மா மேலோ, இரவு ஷிஃப்ட் காவலர் மேலோ, கான்ட்ராக்ட் தொழிலாளி மேலோதான் விழுகிறது. அவர்களுக்காகப் பேச அந்த லாக்கை விட்டால் பெரும்பாலும் வேறு எதுவும் இருக்காது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு தொழிற்சாலையில் வார இறுதியில் செப்புக் கேபிள் காணாமல் போனது. ரிப்போர்ட்டில் சனிக்கிழமை மாலைக்கு மேல் ஒரே ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் கார்டுதான் தெரிந்தது, அவரை வேலையை விட்டு நிறுத்தவே தயாராகிவிட்டார்கள். கார்டைச் சரிபார்த்துக் கதவைத் திறந்துவிடும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து பார்த்தால் போர்டில் இருக்கும் சின்ன நாணய பேட்டரி செத்துப்போயிருந்தது. அன்று இரவு கரண்ட் போய் வந்ததும் அதன் கடிகாரம் 2000 ஜனவரி 1-க்குப் போய்விட்டது. நெட்வொர்க் திரும்பி வந்து சர்வர் நேரத்தைச் சரிசெய்யும் வரை விழுந்த ஈவண்ட் (ஒவ்வொரு கதவு நிகழ்வின் பதிவு) எல்லாம் அந்தப் பழைய தேதியில்தான் சேமிக்கப்பட்டிருந்தன. சனி, ஞாயிறு என்று தேதி போட்டு ரிப்போர்ட் எடுத்தால் அவை எப்படி வரும்? தேதியை விட்டுவிட்டு வரிசை எண்படி தேடியபோதுதான் அந்த இரவில் வேறு கார்டுகளும் உள்ளே போனது தெரிந்தது.

அதனால் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான். கன்ட்ரோலர், சர்வர், சிசிடிவி ரெக்கார்டர் எல்லாம் நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் கொடுக்கும் ஒரே என்டிபி சர்வரிலிருந்து நேரம் எடுக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) கொடுத்த உத்தரவிலேயே தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு, அல்லது அவற்றோடு இணைந்த சர்வரோடு கணினிகளின் நேரத்தை ஒத்துவைக்கச் சொல்லியிருக்கிறது. கதவு சர்வர் மட்டும் விதிவிலக்கு இல்லை. கேமராவில் நேரம் ஏழு நிமிடம் தள்ளி ஓடினால், கதவைத் திறந்தவர் என்று நீங்கள் காட்டுவது வேறு யாரோ ஒருவரின் முகமாக இருக்கும்.

அடுத்தது அலாரம். "கதவு உடைத்துத் திறக்கப்பட்டது" என்ற ஈவண்ட் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் விழும் இடங்களைப் பார்த்திருக்கிறேன், காவலர் ஸ்பீக்கரையே அணைத்துவைத்திருப்பார். அவர் மேல் தப்பு இல்லை. எக்ஸிட் பட்டனை கன்ட்ரோலருக்குக் கொண்டுபோகாமல் நேராக இஎம் லாக்கின் (மின்காந்தப் பூட்டு) கரண்ட் வயரில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். பட்டனை அமுக்கினால் கதவு திறக்கும், கன்ட்ரோலருக்குத் தெரியாது, கார்டு காட்டாமல் கதவு திறந்துவிட்டதே என்று அது ஒவ்வொரு முறையும் அலறும். அவசரத்துக்குப் பூட்டின் கரண்டை நேரடியாக வெட்டும் இணைப்பு இருக்கட்டும், பட்டனின் இன்னொரு கான்டாக்ட்டைக் கன்ட்ரோலருக்கும் கொடுங்கள். "கதவு வெகுநேரம் திறந்திருக்கிறது" என்பது ஓயாமல் வந்தால் சாஃப்ட்வேரில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் டோர் க்ளோசரைச் சரிசெய்யுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கண்காணிப்பு என்ற பேச்சுக்கே அர்த்தம் வரும், ஏனென்றால் பொய் அலாரம் ஓய்ந்தால்தான் நிஜ அலாரத்துக்கு ஒரு மனிதர் தலை நிமிர்ந்து பார்ப்பார்.

செலவைக் குறைக்க டோர் சென்சாரே வைக்காத இடங்களும் உண்டு. அங்கே "அனுமதி வழங்கப்பட்டது" என்று லாக் சொல்வதற்கு அர்த்தம், அந்தக் கார்டை ரீடர் ஏற்றுக்கொண்டது என்பது மட்டும்தான். கதவு திறந்ததா, யாராவது உள்ளே போனார்களா, ஒருவர் பின்னால் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு போனாரா, எதுவும் தெரியாது. 125 கிலோஹெர்ட்ஸ் பழைய கார்டாக இருந்தால் அதை நகலெடுப்பது மிகச் சுலபம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு கார்டு எண்ணை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் இன்னொரு வினை இருக்கிறது. சில சாஃப்ட்வேர்கள் ஈவண்ட்டில் கார்டு எண்ணை மட்டும் சேமித்துவைத்து, ரிப்போர்ட் எடுக்கும்போது அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர் பெயரைப் போட்டுவிடும். வேலையை விட்டுப் போனவரின் கார்டைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுத்திருந்தால், அவர் சேர்வதற்கு முந்தைய வருகை எல்லாம் அவர் பெயரிலேயே வரும். போனவர்களை அழிக்காமல் செயலிழக்க மட்டும் செய்யுங்கள், மாதாமாதம் எடுக்கும் காப்பகத்தில் அன்றைய பெயரும் கூடவே பதியட்டும்.

இப்போது சேமிப்பு. நம் ஊரில் சின்ன, நடுத்தர அலுவலகங்களில் பெரும்பாலும் இந்தப் பதிவுகளைச் சேமிக்க மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புதான் ஓடுகிறது. 2008 ஆர்2 முதல் 2022 பதிப்பு வரை அதில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் எல்லை. அது நிரம்பிவிட்டால் புதிய ஈவண்ட் உள்ளே போகாது, ஆனால் கதவுகள் வழக்கம்போல் திறந்து மூடும், ஏனென்றால் கார்டைச் சரிபார்க்கும் வேலையைக் கன்ட்ரோலரே செய்துவிடுகிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. கன்ட்ரோலரின் உள் நினைவகமும் ஒரு கட்டத்தில் நிரம்பி, பெரும்பாலானவற்றில் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும், அப்புறம் எங்கே தேடினாலும் கிடைக்காது. டேட்டாபேஸ் 8 ஜிபி தாண்டினால் மெயில் வருகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்ய அரை நாள் வேலைதான்.

"பழைய ஈவண்ட்டை நீக்கு" என்ற பட்டனை அமுக்குவதற்கு முன், நீக்கப்போவதை இரண்டு விதமாக எடுத்துவையுங்கள்: ஒரு முழு டேட்டாபேஸ் பேக்கப், கூடவே எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய ஒரு சிஎஸ்வி கோப்பு. பேக்கப் மட்டும் போதாது, சாஃப்ட்வேர் நிறுவனத்தோடு ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்து லைசென்ஸும் காலாவதியானால் அதைத் திறந்து படிக்க வழியிருக்காது. சிஎஸ்வியை எக்ஸெல்லில் திறந்து அப்படியே சேவ் செய்யவும் வேண்டாம், கார்டு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போய்விடும். கோப்பை எடுத்த உடனே எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) எடுத்துத் தனியாகக் குறித்துவையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். அப்புறம், எடுத்த பேக்கப்பை வருடத்துக்கு ஒரு முறையாவது வேறொரு கணினியில் திரும்ப ஏற்றிப் பாருங்கள்.

எவ்வளவு நாள் வைப்பது? செர்ட்-இன் உத்தரவு லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. பணம் செலுத்தும் கார்டு தரவைக் கையாளும் இடங்களில் முக்கிய அறைகளின் நுழைவுப் பதிவைக் குறைந்தது மூன்று மாதம் வைக்க வேண்டும் என்பது பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டு தரவுப் பாதுகாப்புத் தரநிலையின் விதி. சிசிடிவி காட்சி அதற்கு வெகு முன்பே அழிந்துவிடும், ஆகவே ஏதாவது நடந்தால் முதலில் வீடியோவைக் காப்பாற்றுங்கள்.

அதற்காகப் பத்து வருட லாக்கைக் குவித்துவைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். ஒருவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை முறை வெளியே போனார் என்பதெல்லாம் அவருடைய தனிப்பட்ட தரவு. நோக்கம் முடிந்தால் அதை அழிக்க வேண்டும் என்றுதான் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பெண் ஊழியர்களின் நடமாட்டத்தைச் சும்மா ஆர்வத்துக்காகப் பார்க்கும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் ஒரே அட்மின் பாஸ்வேர்டில் நுழையும் இடத்தில் அவர்களைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுத்து, பார்க்கும் உரிமையைத் தேவையான ஓரிருவரோடு நிறுத்துங்கள். யாருடைய ரிப்போர்ட்டை யார் எடுத்தார் என்பது சாஃப்ட்வேரில் பதிவாகிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள், எல்லா சாஃப்ட்வேரிலும் அந்த வசதி கிடையாது.