கச்சான் காத்தும் கர்துங் லாவும்: பாலைவன மலைல சைக்கிள் ஏறேக்க உடம்புக்குள்ள நடக்கிறது

திருகோணமலைல ஆனி, ஆடி மாசம் கச்சான் அடிக்கேக்க மத்தியானம் சைக்கிள் ஓடினவங்களுக்கு இது தெரியும், வேர்க்கிற மாதிரியே இருக்காது ஆனா உதடு வெடிச்சு வாய் காஞ்சு போயிடும். அதே நிலாவெளி ரோட்டில மாரி காலத்தில ஓடினா சேட்டு முதுகோட ஒட்டிக்கொள்ளும். வட இந்தியாவில இருக்கிற லடாக்கில கர்துங் லா எண்டொரு கணவாய் இருக்கு, உலகம் முழுக்க இருந்து ஆக்கள் சைக்கிளோட வந்து அதில ஏறுறாங்க. அந்த மலைப்பக்கத்தப் பாலைவனமாக்கினதும் எங்கட கச்சான உண்டாக்கிறதும் ஒரே பொறிமுறைதான், அதால அங்க இருந்தே தொடங்குவம்.

தென்மேல் பருவக்காத்து கடல்ல இருந்து ஈரத்த அள்ளிக்கொண்டு வந்து மலைநாட்டில முட்டி மேல ஏறும். மேல போகப் போக அமுக்கம் குறையும், காத்து விரியும், விரிஞ்சா குளிரும், குளிர்ந்தா ஈரம் மழையா கொட்டும். வட்டவளைப் பக்கம் வருசத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல பெய்யிறது இதாலதான். இதில கவனிக்க வேண்டியது என்னெண்டா, நீராவி தண்ணியா மாறேக்க உள்ள இருந்த வெப்பத்த வெளில விடுது, அதனால ஏறுற காத்து ஒரு கிலோமீற்றருக்கு 5, 6 பாகைதான் குளிருது. ஈரத்தையெல்லாம் கொட்டிப்போட்டு எங்கட பக்கம் இறங்கேக்கயோ கிலோமீற்றருக்கு 10 பாகை கிட்ட சூடாகுது. இழந்தத விடக் கூடத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் கிழக்குக்கு வந்து சேருது, அதுதான் கச்சான்.

இமயமலைக்கு அங்கால இருக்கிற லடாக்குக்கும் இதே கதி, மலை மட்டும் கன உசரம். எங்களுக்கு ஐப்பசி பிறந்தா மாரி வந்து குளம் நிரப்பும், லடாக்குக்கு அப்பிடி ஈடுகட்ட இன்னொரு மழை இல்ல. லே நகரத்துக்கு வருசம் முழுக்க 100 மில்லிமீற்றர் அளவுதான் கிடைக்குது. மரம் இல்லாத மண்நிற மலையும் கடும் நீல வானமும்தான், கணவாயத் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்குக்கு இறங்கினா ஹுந்தர் எண்ட ஊரில மணல்மேடே இருக்கு. அதே ரோட்டு சியாச்சின் பனியாத்துப் பக்கமும், இந்திய-பாகிஸ்தான் எல்லைக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிற துர்துக் கிராமத்துக்கும் போகுது. இராணுவத்துக்காக 1976ல வெட்டின பாதை, 1988லதான் பொதுமக்கள் வாகனங்களுக்குத் திறந்தாங்க. உச்சில கனகாலமா இருந்த பலகைல 5,602 மீற்றர் எண்டு இருந்தது, ஜிபிஎஸ் வச்சு அளந்தா 5,359 மீற்றர்தான். குறைஞ்சாலும் இலங்கைல ஆக உசந்த மலையான எங்கட பீதுருதலாகலைய விட ரெண்டு மடங்குக்கு மேல.

இனிச் சைக்கிளுக்கு வருவம். லே 3,500 மீற்றரில இருக்கு, அங்க இருந்து உச்சிக்கு 39 கிலோமீற்றர். கணக்குப் பாத்தா சராசரிச் சரிவு நூறு மீற்றருக்கு 5 மீற்றர் கூட இல்ல. ஆளும் சைக்கிளும் சாமானும் சேர்ந்து 80 கிலோ எண்டு வைப்பம், மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில ஏற 90 வோட்ஸ் சொச்சம் காணும். சுகமா இருக்கிற ஒரு ஆள் கடல் மட்டத்தில கதைச்சுக்கொண்டே அந்த அளவு உழக்குவார். எங்கட ஊர் ஒத்தைக் கியர் சைக்கிளில ஒரு சுத்து மிதிச்சா 5 மீற்றர் அளவு போகும், அதோட ஏறினா முழங்கால் நொந்து போகும், மலைக்கெண்டு செய்த சைக்கிளில ஆகச்சின்னக் கியரில ஒரு சுத்துக்கு ஒண்டரை மீற்றர்கூட வராது. அவ்வளவுதான், ஏத்தத்துக்குக் கியர் பதில் சொல்லிப்போடும். கஷ்டம் முழுக்கக் காத்தில இருக்கு.

உச்சில காத்தமுக்கம் கடல் மட்டத்தில இருக்கிறதில பாதிதான். ஒக்சிசன் விகிதம் அங்கயும் அதே 21 வீதம், ஆனா ஒரு மூச்சில உள்ள போற மூலக்கூறுகள் பாதியாகுது. அதுக்கு மேல ஒரு வில்லங்கம் இருக்கு. எந்தக் காத்த இழுத்தாலும் நுரையீரலுக்குப் போக முதல் உடம்பு அத 37 பாகைக்குச் சூடாக்கி ஈரமாக்கும், அந்த நீராவிக்கு எப்பவும் 47 மில்லிமீற்றர் இரச அமுக்கம் வேணும். இஞ்ச திருகோணமலைல மொத்தக் காத்தமுக்கம் 760, அதில 47 எண்டா ஒரு பொருட்டில்ல, அங்க மொத்தமே 400க்குக் கிட்டதான், அதிலயும் அதே 47. மிச்சத்திலதான் ஒக்சிசன் பங்கு. அதால நுரையீரலுக்கு வாறது பாதிய விடவும் குறைவு, கடல் மட்டத்தில சுகமா உழக்கின அந்த 90 வோட்ஸ் அங்க மூச்சு வாங்க வைக்குது.

அந்த ஈரம் எங்க இருந்து வருது? உடம்பில இருந்துதான். வறண்ட குளிர் காத்து வெறுமையா உள்ள போய் நிறைஞ்சு வெளில வருது, இரைக்க இரைக்க ஏறுற ஆள் மூச்சாலயே மணிக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல தண்ணி இழப்பார். வேர்வை வேற. தசை எரிக்கிற சக்தில நாலில ஒரு பங்குதான் பெடலுக்குப் போகும், மிச்சம் சூடு, 300 வோட்ஸ் கிட்ட. அத முழுக்க வேர்வை ஆவியாகியே எடுக்க வேணுமெண்டா மணிக்கு அரை லீற்றர் கிட்டப் போகும். எங்கட புழுக்கத்தில வேர்வை ஆவியாகாம சொட்டிப் போகும், ஆனா கண்ணுக்குத் தெரியும், தாகம் எடுக்க முதலே குடிப்பம். அங்க தோலில வந்த உடன காஞ்சிடும், ஹெல்மெட் பட்டிலயும் சேட்டுக் கொலரிலயும் வெள்ளை வெள்ளையா உப்புக்கோடு மட்டும்தான் மிஞ்சும். அந்தக் கோட்டப் பாத்துத்தான் எவ்வளவு போச்சுதெண்டு விளங்கவேணும்.

நீராவி இல்லாததால இன்னொண்டும் நடக்குது, நிலத்தில இருந்து கிளம்புற சூட்டப் பிடிச்சு வைக்க காத்தில பெரிசா ஒண்டுமில்ல, வெயிலில எரியிற உடம்பு ஒரு பாறை நிழலுக்குப் போனா நடுங்கும். ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஊதாக்கதிர் 10 வீதம் அளவு கூடும், மூக்குத் தோல் உரியிறது அதாலதான்.

உடம்பு இதுக்குப் பழக நாள் எடுக்கும். முதல்ல மூச்சு வேகமாகும், அதால காபனீரொக்சைட்டு கூடப் போய் இரத்தம் காரமாகும், அதச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகாபனேற்று எண்ட காரப்பொருள வெளியேத்தும், லேக்கு வந்த முதல் நாளுகளில அடிக்கடி சலம் போறது அந்த வேலைதான். இரவில நித்திரைல மூச்சு சில செக்கன் நிண்டு திடீரெண்டு இழுத்துக்கொண்டு எழும்புவாங்க, பயந்து போகக்கூடாது, காபனீரொக்சைட்டு குறைஞ்சா மூளை மூச்ச மறந்து போறதுதான் காரணம். ஒக்சிசனக் காவுற செங்குருதிக்கலம் எண்ணிக்கைல கூடுறதுக்கு வாரக்கணக்கு வேணும். அதால 3,000 மீற்றருக்கு மேல படுக்கிற உயரத்த நாளைக்கு 500 மீற்றருக்கு மேல கூட்டாதீங்க எண்டு மலை வைத்தியம் சொல்லுது. பிளேனில நேரா லேக்கு வந்து அடுத்த நாளே ஏறப் போறது சரியான ஆபத்து. விடாத தலையிடி, சத்தி, தள்ளாட்டம், சும்மா இருந்தாலும் இரைப்பு, இதில எது வந்தாலும் மருந்து கீழ இறங்குறதுதான், விடியட்டும் எண்டு காத்திருக்கக் கூடாது.

மேல போக ரயர் வெடிக்குமெண்டு சில பேர் காத்துக் குறைப்பாங்க, தேவையில்ல. வெளி அமுக்கம் குறையிறதால ரயருக்குக் கூடுறது 7 பிஎஸ்ஐ அளவுதான், குளிர் அதிலயும் கொஞ்சத்தக் குறைச்சிடும். பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. காத்து ஐதா இருக்கிறதால எதிர்ப்புக் குறைவு, அதே சரிவில எங்கட ஊர விட மூண்டில ஒரு பங்கு அளவு வேகம் கூடப் பிடிக்கும். 1,850 மீற்றர் ஏறிச் சேர்த்த சக்தி 4 லீற்றர் பச்சைத்தண்ணிய கொதிக்க வைக்கக் காணும், காத்து எடுத்தது போக மிச்சமெல்லாம் பிரேக்குக்குத்தான் போகும். ஒரே பிடியா அமத்திக்கொண்டு வராம வளைவுக்கு முன்னால இறுக்கிப் பிடிச்சு, பேந்து விட்டு ஆறவிட வேணும்.

எங்கட பக்கத்தில இருந்து போக நினைக்கிறவங்க றம்பொடைப் பக்கத்தால நுவரெலியாவுக்கு ஏறிப் பழகலாம், காலுக்கும் பிரேக் பிடிக்கிற கைக்கும் அது நல்ல பயிற்சி. ஆனா நுவரெலியா 1,868 மீற்றர்தான், அமுக்கம் இன்னும் 80 வீதம் இருக்கும், நுரையீரலுக்கு அது ஒரு ஒத்திகை ஆகாது. அந்தப் பழக்கம் லேலயே நாலஞ்சு நாள் நிண்டுதான் வரவேணும்.