பாத்ரூம் வேலையில் பதினாலாயிரம் போன கதை

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டிலிருந்து எனக்கு 56,000 ரூபாய் வர வேண்டியிருந்தது. மூன்று மாதம் இழுத்து, கடைசியில் 42,000 வந்தது. மீதி 14,000 போனது போனதுதான். வீட்டுக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நானும், கான்ட்ராக்டர் கொள்ளையடிக்கப் பார்க்கிறான் என்று அவரும் ஆளுக்கொரு பக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். இப்போது யோசித்தால் அந்தப் பணம் எந்த நாளில், யார் சொன்ன எந்த வார்த்தையில் போனது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. பாத்ரூம் வேலை எடுப்பவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் கட்டிய கட்டடம். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாத்ரூம் எட்டுக்கு ஐந்து. வீட்டுக்காரர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே காபி கொடுத்து ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டார். பேசிய தொகை 1,10,000. பழைய டைல்ஸை உடைப்பது, உடைத்த கழிவை (ரப்பீஸ்) கீழே இறக்குவது, வாட்டர்ப்ரூஃபிங், பைப் லைன், டைல்ஸ் ஒட்டுவது எல்லாம் அதில் அடக்கம். சிமென்ட், மணல், பைப், கெமிக்கல் என்னுடையது. டைல்ஸ், கம்மோட், குழாய்கள் அவர் வாங்கித் தருவது. அட்வான்ஸ் 40,000, வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் 40,000, வேலை முடிந்ததும் 30,000. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். அந்தத் தாளில் என்னென்ன சேரும் என்று இருந்தது. என்னென்ன சேராது என்று ஒரு வரிகூட இல்லை.

இந்த வயசுள்ள கட்டடங்களில் பெரும்பாலும் பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளைவிடப் பள்ளமாக இறக்கியிருப்பார்கள். ஒரு அடி வரைக்கும்கூட இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் கழிவுநீர் பைப்பை ஓட்டி, செங்கல் துண்டுகளைக் கொட்டி நிரப்பி, மேலே தளம் போட்டிருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்போம். மேலே டைல்ஸ் பளபளவென்று இருந்தாலும் உள்ளே ஒரு ஜாயின்ட் விட்டுப்போனால் போதும், தண்ணீர் செங்கலுக்குள் தேங்கிக் கீழ்வீட்டு சீலிங்கில் சாவகாசமாக இறங்கும். நாங்கள் உடைத்தபோது செங்கல் கறுத்துக் கிடந்தது. மண்வெட்டியில் அள்ளினால் சாக்கடை வாடை. நேற்று ஒழுகியது அப்படி இருக்காது. பல வருடமாக ஊறியது. அன்றைக்கே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் சீலிங்கை நாலு போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்தின் பலன் பிறகு கிடைத்தது.

ஐந்தாம் நாள் வெளிநாட்டில் இருக்கும் மகன் போன் செய்தார். தரையில் நிற்கிற கம்மோட் வேண்டாம், சுவரில் தொங்குவது மாதிரி வேண்டும் என்றார். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்த மாடலுக்கு ஃபிளஷ் டேங்க் சுவருக்குள் போகும். அங்கே இருந்தது நாலரை அங்குலச் சுவர். அதைக் குடைந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. முன்னால் இரும்பு ஃபிரேம் நிறுத்தி, அதை மறைத்து அரைச்சுவர் கட்ட வேண்டும். கழிவு போகும் பைப்பையும் தரையிலிருந்து எடுத்து உயரத்தில் கொண்டுவர வேண்டும். 12,000 ஆகும் என்று மகனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அவர் வேறு தேசத்தில் இருந்ததால் எழுத வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. ‘சரி, செய்யுங்கள்’ என்று பதில் வந்தது.

அடுத்த இரண்டும் நேரில் நடந்தவை. ஒரு பக்கச் சுவரில் பூ டிசைன் டைல்ஸை ஒட்டி முடித்த மறுநாள் காலை, வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, “இது எதிர்ச் சுவத்துல இருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி” என்றார். ஒட்டிய டைல்ஸைக் கழற்றினால் பாதி உடையும், ஆள்கூலி டபுள் ஆகும் என்றேன். “மாத்திடுங்க. என்ன ஆகுதோ பாத்துக்கலாம்.” அப்புறம் ஷாம்பு, சோப்பு வைக்கச் சுவரில் ஒரு மாடம். “அப்படியே ஒண்ணு வெச்சிடுங்க, அதுல என்ன இருக்கு?” முதலாவதுக்கு 9,500, மாடத்துக்கு 4,500 என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன். என் நோட்டில் நான் எழுதினால் யாருக்குத் தெரியும்?

எங்கள் தொழிலில் ‘என்ன ஆகுதோ பாத்துக்கலாம்’ என்பதைவிட ஆபத்தான வாக்கியம் கிடையாது. சொல்பவர் மனசில் ஐந்நூறோ ஆயிரமோ இருக்கும். கேட்பவர் மனசில் முழுத் தொகை இருக்கும். இரண்டு பேரும் நல்லவர்களாக இருக்கும்போதுதான் இது நடக்கிறது. மோசமான ஆளாக இருந்தால் ஆரம்பத்திலேயே உஷாராகி எழுதி வாங்கிவிடுவோம். காபி கொடுத்துத் தம்பி என்று கூப்பிடும் வீட்டில் எழுதிக் கேட்கக் கூச்சம் வந்துவிடுகிறது.

வேலை முடிந்து பில் கொடுத்தேன். பாக்கி 30,000, எக்ஸ்ட்ரா 26,000. “மிஸ்டர், இது என்ன கணக்கு?” என்றார். தம்பி போய் மிஸ்டர் வந்த அந்த நிமிஷமே எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அதன்பின் தினமும் ஒரு குறை. ஒருநாள் மகன் வீடியோ காலில் இருக்க, அப்பா புதிதாக வாங்கிய ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் காட்டினார். குமிழி நடுவில் நிற்கவில்லை. “ஃபுளோர் லெவலே இல்ல, பாருங்க.” சார், பாத்ரூம் தரை மட்டமாக இருந்தால் தண்ணீர் நிற்கும், எட்டு அடிக்கு ஒரு அங்குலமாவது வாட்டம் கொடுத்தால்தான் தண்ணீர் வெளியேறும் துளைக்கு, அதாவது டிராப்புக்கு, ஓடும் என்று விளக்கினேன். ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றி, அது ஓடி இறங்குவதையும் காட்டினேன். மகன் ஒத்துக்கொண்டார். அப்பா ரசமட்டத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, கறுப்புக் குழாயில் வெள்ளைத் திட்டு வருகிறதே என்றார். அது போர் தண்ணீர் உப்பு. அந்தப் பகுதியில் போர் தண்ணீர் ஓடும் வீட்டுக்குக் கறுப்பு மேட் குழாய் வேண்டாம் என்று வாங்கும் முன்பே சொல்லியிருந்தேன்.

ஆனால் ஒரு குறை நியாயமானது. அவர் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து டைல்ஸைத் தட்டிக்கொண்டே வந்தார். ஏழு இடத்தில் சத்தம் மாறியது. கெட்டியாக ஒட்டிய டைல்ஸைத் தட்டினால் சத்தம் அடங்கி வரும். உள்ளே காற்று இருந்தால் டொக் டொக்கென்று பானையைத் தட்டுவதுபோல் கேட்கும். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை அநேகமாகக் குடிக்கவே குடிக்காது. அதனால் பழைய செராமிக் டைல்ஸ் மாதிரி சிமென்ட் பால் தடவி ஒட்டினால் பிடிக்காது. அதற்கான பசையைப் பல் கரண்டியால் முழுக்க வாரி ஒட்ட வேண்டும். எங்கள் டைல்ஸ் மேஸ்திரி அவசரத்தில் நாலு மூலையிலும் நடுவிலும் பொட்டு வைத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் அன்று வேறு சைட்டில் இருந்தேன். “இது எங்க தப்பு சார், மாத்தித் தரேன்” என்றேன். அப்போதாவது நிலைமை இளகும் என்று நினைத்தேன். இளகவில்லை. ஒரு தப்பை ஒத்துக்கொண்டவன் எல்லாத் தப்பையும் செய்திருப்பான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அதே வாரம் கீழ்வீட்டுக்காரர் வந்து, சீலிங்கில் ஓதம் அடிக்கிறது, சொட்டுகிறது என்றார். கேட்கவா வேண்டும்? வாட்டர்ப்ரூஃபிங்கே சரியில்லை, பாக்கி ஒரு பைசா கிடையாது, கொடுத்ததைத் திருப்பித் தா என்று பேச்சு மாறியது. என் பிளம்பர் பையனுக்கு ரத்தம் கொதித்தது. “அண்ணே, நாளைக்குக் காலையில போய் கம்மோடைக் கழட்டிட்டு வந்துடவா? தானா பணம் வரும்” என்றான். எங்கள் ஆட்களில் பலர் இதைச் செய்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்: செய்யவே கூடாது. பொருத்திய பொருள் அவருடையது. அவர் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் போய்க் கழற்றினால், பணம் பாக்கி என்ற நம் நியாயம் அங்கேயே செத்துவிடும். அடுத்த காட்சி போலீஸ் ஸ்டேஷனில்தான்.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்னதில் முக்கியமானது இது. வீட்டுக்காரருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாம் செய்வது சேவை. அதில் குறை என்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பாக்கிக்காக நாம் அங்கே போக முடியாது, ஏனென்றால் நாம் நுகர்வோர் இல்லை. நமக்கு சிவில் கோர்ட். வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத எக்ஸ்ட்ரா வேலைக்கும் வழி உண்டு. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. “ஆனா அவங்க கேட்டுத்தான் செஞ்சேன்னு நீதான் நிரூபிக்கணும்” என்றார். 56,000க்காக எத்தனை வாய்தாவுக்குப் போவாய் என்றும் கேட்டார். வழக்கு போடும் முன்பே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது என்றார்.

அதற்கு முன்னால், ஒழுகல் என்னுடையதா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் டிராப்பை அடைத்து, தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 48 மணி நேரம் விட்டிருந்தேன். முதல் நாளும் மூன்றாம் நாளும் எடுத்த போட்டோ போனில் தேதியோடு இருந்தது. கோடு அப்படியே இருந்தது. அதைக் காட்டியும் அவர் நம்பவில்லை. சரி என்று அசோசியேஷன் செயலாளரை நடுவில் வைத்து, அவருக்குத் தெரிந்த பிளம்பரையே வரச் சொன்னேன். வந்தவர் ஐம்பது வயசுக்காரர், அதிகம் பேசவில்லை. இரண்டு பாட்டில் சொட்டு நீலம் வாங்கிவரச் சொன்னார். நாங்கள் செய்த பாத்ரூமில் டிராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி, அதில் ஒரு பாட்டிலைக் கலந்தார். இரண்டு நாள். கீழே சொட்டியது நிறமில்லாமலே சொட்டியது. பிறகு அதைத் திறந்துவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு பழைய பாத்ரூமில் அதேபோல் கட்டினார். மறுநாள் காலை கீழ்வீட்டு அம்மா வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவில் இளநீலம். நாங்கள் தொடவே தொடாத பாத்ரூம் அது.

இந்தச் சோதனையில் ஒரு சூட்சுமம் உண்டு. நீலம் வந்தால் ஒழுகல் அங்கிருந்துதான் என்று அடித்துச் சொல்லலாம். வராவிட்டால் ஒழுகல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. செங்கலும் கான்கிரீட்டும் நிறத்தை வடிகட்டிவிடும். நல்லவேளை, எனக்கு இரண்டாவது பாத்ரூமில் வந்தது. வராமலே போயிருந்தால் இன்றும் நான்தான் குற்றவாளி. கீழ்வீட்டு சீலிங்கில் அந்தக் கறை முன்பே இருந்ததற்கு என்னிடம் போட்டோ இல்லையே.

செயலாளர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசினோம். 30,000 பற்றிப் பேச்சே எழவில்லை. கம்மோடுக்கு மகனின் பதில் இருந்தது, 12,000 ஒத்துக்கொண்டார்கள். டைல்ஸ் மாற்றியதும் மாடமும் வந்தபோது அம்மா, “பாத்துக்கலாம்னுதானே சொன்னேன், இவ்வளவுன்னு சொன்னேனா?” என்றார். உண்மைதான், சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த 14,000ஐ அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

இப்போதெல்லாம் எக்ஸ்ட்ரா என்று யாராவது வாயைத் திறந்தால் மேஸ்திரி கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் சைட்டில் சட்டம். வீட்டுக் குரூப்பில் நான் நாலு வரி போடுவேன்: என்ன மாற்றம், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் கூடும், ‘சரி’ என்று பதில் வந்தால் ஆரம்பிக்கிறோம். முகம் சுளிப்பவர்கள் உண்டு. “எங்களை நம்ப மாட்டீங்களா?” என்று ஒரு பாட்டி கேட்டார். “என் ஞாபகத்தை நம்ப முடியலம்மா” என்றேன். சிரித்துக்கொண்டே பேரனை விட்டுப் பதில் போடச் சொன்னார். சுவரை மூடும் முன் பைப் போகும் இடத்தில் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்து அதே குரூப்பில் போடுகிறோம். நாளைக்கு அவர்கள் டவல் கம்பி மாட்ட டிரில் போடும்போது எங்களைத் திட்ட மாட்டார்கள்.

சத்தம் மாறிய ஏழு டைல்ஸையும் ஒத்துக்கொண்டபடி மாற்றிக் கொடுத்தேன். ஆரம்பத்தில் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டார். மறுபடி வாங்கப் போனபோது அதே டிசைன் கிடைத்தது, அதே பேட்ச் கிடைக்கவில்லை. நிறம் ஒரு சாயல் மங்கல். ஐந்தை வாஷ்பேசினுக்குக் கீழே மறைத்துவிட்டோம். இரண்டு மட்டும் கதவுக்கு நேர் எதிரே நிற்கின்றன. அதன் மேல் அவர் ஒரு டவல் கம்பி மாட்டிக்கொண்டார். துண்டு காயும் வரை தெரியாது.